இருநூற்று ஐம்பது சொற்கள்

நெருக்கடியில் நீங்கள் எடுத்த ஒரு முடிவை விவரிக்கவும்.
இருநூற்று ஐம்பது சொற்களுக்கு மிகாமல்.

ஓஸ்லா இஸ்பிஸ்டர் பதினெட்டு ஆண்டுகளாகப்
படகுத்துறையில் கயிறு பிடிப்பவள்.
இப்போது துறை மேலாளர் பதவிக்கு விண்ணப்பம்.
கடைசி நாள் வெள்ளி, நண்பகல்.
இன்று வியாழன். ஷெட்லாந்தில் டிசம்பர்
மூன்றரைக்கே இருட்டிவிட்டது.
ஜன்னலில் உப்பு.

முதலில் எழுதினாள்:
நான் கடின உழைப்பாளி. கூட்டு முயற்சியில் நம்பிக்கை உண்டு.
எதையும் கற்றுக்கொள்ளும் ஆர்வம் மிகவும் உண்டு.
வாசித்துப் பார்த்தாள்.
எந்தத் தலைக்கும் பொருந்துகிற தொப்பி.
'மிகவும்' தவிர எல்லாவற்றையும் அழித்தாள்.
அது ஏன் தப்பியது என்று அவளுக்கே தெரியாது.

பிறகு எழுதினாள்:
பிப்ரவரிப் புயலில் நிலைமையைச் சமாளித்தோம்.
தங்கை ரோனா, அபர்டீனில்
ஆளெடுப்பு அலுவலகத்தில் இருப்பவள்,
தொலைபேசியில் சிரித்தாள்:
"சமாளித்தோம் என்றால் யார்?
அவர்கள் படகுக்கா வேலை தரப்போகிறார்கள்?
என்ன நிலைமை, உன் பொறுப்பு என்ன,
நீ என்ன செய்தாய், அதனால் என்ன ஆயிற்று.
'நாங்கள்' வரும் இடமெல்லாம் 'நான்' போடு,
பொய் சொல்லாமல் போட முடிந்தால்."

எர்லெண்ட் கயிறு வீசினான், டாவி எந்திரம் பார்த்தான்;
இருவரையும் வாக்கியத்திலிருந்து இறக்கிவிட்டாள்.
மழையில் இறக்கிவிட்டதுபோல் இருந்தது.

அவள் மொழியில் 'நான்' ஒற்றை எழுத்து.
வாக்கியத்தின் முனையில்
படகு கட்டாத கம்பம்போல் விறைத்து நிற்கும்.
என் மொழியில் அது வினையின் வாலில் ஒளிந்திருக்கும்.
கட்டினேன், அவிழ்த்தேன், விட்டேன்:
ஒவ்வொன்றும் முடிகிறபோது
ஏன் என்று கேட்டுவிட்டுத்தான் முடியும்.

ஓஸ்லாவுக்குத் தமிழ் தெரியாது.
அந்தக் கேள்வி தெரியும்.

அன்று மாலை நான்கு மணி.
வடக்குத் தீவுக்கு ஒரே ஒரு நடை, அதற்குப் பின்
இரண்டு நாளோ மூன்று நாளோ, காற்றுக்கே வெளிச்சம்.
தளத்தில் மிச்சம் ஒரு வண்டிக்கான இடம்.
கரையில் நின்றவை இரண்டு:
அறுபத்திரண்டு ஆடுகளோடு மாக்னியின் லாரி,
சவப்பெட்டியோடு ஒரு கருப்பு வண்டி.

நான் முடிவெடுத்தேன் என்று தட்டியபோது
விரல் நின்றுவிட்டது.
முடிவெடுத்தது அவளில்லை.
கருப்பு வண்டியின் முன்னிருக்கையில் மைமா,
மலர்வளையத்தை மடியில் வைத்தபடி சொன்னாள்:
"ஆடுகள் போகட்டும்.
என் மனுஷன் ஆயுளில் ஒரு படகையும்
நேரத்துக்குப் பிடித்ததில்லை."

இதை எந்தத் திறமையின் கீழ் எழுதுவது?

தேநீர் ஆறி ஆடை கட்டியது.
ரோனா மறுபடி அழைத்தாள்:
"அப்படியானால் நீ என்னதான் செய்தாய்?
காலால், கையால், வாயால். அதை எழுது."

வண்டியை நோக்கி நடந்தேன்.
தலைமூடியைப் பின்னுக்குத் தள்ளினேன்.
கண்ணாடி இறங்கும்வரை மழையில் நின்றேன்.
இடம் ஒன்றுதான் என்று மறைக்காமல் சொன்னேன்.
கேட்டேன்.

இந்தக் கடைசிக்கு அவள் இரண்டு சொல் செலவழித்தாள்:
வினவியதற்கு ஒன்று, காதுகொடுத்ததற்கு ஒன்று.
எனக்கு ஒன்றே போதும்;
அந்த மிச்சத்தை அவளுக்குக் கொடுக்க வழியில்லை.

விளைவு: ஆடுகள் அறுபத்திரண்டும் பத்திரம்.
புகார் ஏதும் இல்லை.
மூன்றாம் நாள் முதல் நடையில்
கருப்பு வண்டி மட்டும் ஏறியது.
காத்திருந்த பதினொரு கார்களும்
எந்திரம் அணைத்துக் கரையிலேயே நின்றன.
யாரும் சொல்லி நின்றதல்ல.
அவள் செய்ததல்ல. ஆகவே எழுதவில்லை.

எண்ணினாள். இருநூற்று ஐம்பத்தொன்று.
தேடியபோது மேலே, தனியாக, 'மிகவும்'.
அதைக் கடலில் தள்ளினாள்.
அனுப்பினாள்.

உடனே பதில்:
உங்கள் விண்ணப்பம் கிடைத்தது.
இம்மடலுக்கு மறுமொழி எழுத வேண்டாம்.

காலை ஆறு மணி நடைக்குப் போக வேண்டும்.
கணப்பின் மேல் போட்ட கையுறையைத்
தொட்டுப் பார்த்தாள்.
வலது காய்ந்திருந்தது.